சந்நிதி மாத்திரம்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் நான் கவிழ்த்துவிட்ட அரைக் குடுவைத் திரவம் இன்னமும் என் மனத்தில் வடியாமல் தேங்கி நிற்கிறது என்று சொன்னால், கேட்பவர்கள் அதை வயதானவனின் மிகையுணர்ச்சி என்று ஒதுக்கிவிடக்கூடும்; ஒதுக்குவதில் நியாயமும் உண்டு, ஏனெனில் அதில் இருந்தவை ஈஸ்ட் உயிரணுக்கள், ரொட்டி சுடுகிறவனும் கள் இறக்குகிறவனும் தினந்தோறும் கோடிக்கணக்கில் வளர்த்துக் கோடிக்கணக்கில் கழுவி ஊற்றுகிற அற்ப ஜீவன்கள். முந்தின நாள் மாலை, குளுகோஸ் கலந்த ஊட்டநீரில் கொழுத்து வளர்ந்திருந்த ஈஸ்டில் சிறிது எடுத்து, இருமுறை கழுவி, காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையைத் தவிர வேறு சர்க்கரை இல்லாத புது ஊட்டத்தில் விட்டு, 30 டிகிரிச் சூட்டில் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும் ஷேக்கரில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் வந்து பார்க்கும்போது அது கஞ்சித்தண்ணீரைப் போல் கலங்கியிருக்க வேண்டும். பஞ்சுமூடியை எடுத்ததும் புளித்த மாவும் வெந்த ரொட்டியும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடை முகத்தில் அடிக்க வேண்டும். வாடையும் இல்லை, கலக்கமும் இல்லை. குடுவைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் வரிவிளம்பரத்தின் பொடி எழுத்துக்கள்கூடத் தடையின்றி வாசிக்கக் கிடைத்தன. செத்துப்போயிற்று என்று தீர்மானித்து, கொஞ்சமும் தயங்காமல் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கொட்டினேன். சற்றுக் கழித்து வந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் காலிக் குடுவையைப் பார்த்து, "என்ன தம்பி, கொட்டிட்டீங்களா? அது சாகலையே. குளுகோஸ்ல பழகினது, காலக்டோஸுக்குத் தயாராக நேரம் பிடிக்கும். ராத்திரி பூரா தயாராயிட்டு இருந்திருக்கும்" என்று கோபமில்லாமல் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

அவர் மிகச் சாதாரணமாகச் சொன்ன அந்தச் சொல், 'தயாராகிக்கொண்டிருந்தது' என்பது, எனக்கு அன்று முதல் ஓர் உறுத்தலாயிற்று. யார் தயாரானது, எதை உத்தேசித்து, யாருடைய உத்தரவின் பேரில்? குளுகோஸையும் காலக்டோஸையும் இரண்டு தட்டுகளில் கொட்டிவைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டும் வெள்ளைப் பொடி, இரண்டும் ஆறு கரியணுக்களைக் கொண்ட சர்க்கரை, நான்காவது கரியணுவில் ஒட்டியிருக்கும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பது ஒன்றே இரண்டுக்கும் உள்ள பேதம். அந்த அற்பப் பேதத்தைச் சரிசெய்து காலக்டோஸைக் குளுகோஸின் பாதைக்குத் திருப்பிவிடச் சில நொதிகள் தேவைப்படுகின்றன. அந்தப் பாதையை அர்ஜென்டினாவின் லூயி லெலுவார் கண்டு சொன்னார், 1970-இல் நோபல் பரிசும் பெற்றார். நொதிகளைச் செய்வதற்கான மரபணுக்கள் ஈஸ்டிடம் எப்போதும் இருக்கின்றன, ஆனால் குளுகோஸ் உள்ளவரை அவை ஊமையாகக் கிடக்கின்றன. காலக்டோஸ் ஒன்றே கதி என்றானபோது அவற்றுள் சில ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாகப் படியெடுக்கப்படுகின்றன. இந்தப் பெரும் விழிப்பை நிகழ்த்துவது 'கால்-4' என்னும் புரதம் என்று பாடநூல் சொல்லி முடித்துவிடுகிறது. காலக்டோஸின் முதலெழுத்துக்களால் வந்த பெயர்தான். ஆயினும் தமிழில் அதை எழுதும்போதெல்லாம் எனக்கு நாற்காலிதான் ஞாபகம் வரும். அது வெறும் சொல்விளையாட்டாகவே போயிருக்கும், அந்தப் புரதத்தின் தொழில் ஏறக்குறைய உட்கார்ந்திருப்பதே என்று பிற்பாடு தெரியவராமல் இருந்திருந்தால்.

இதை அறிந்த விதமும் விசித்திரமானது. இருப்பதைக் கண்டு அறிந்ததல்ல, இல்லாமையைக் கண்டு ஊகித்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் விங்கேயும் ராபர்ட்ஸும் 1948-இல் ஒரு மந்தமான ஈஸ்டைப் பற்றி எழுதினார்கள்: மற்றவை சில மணி நேரத்தில் காலக்டோஸுக்குப் பழகிவிட, அது மட்டும் பல நாட்கள் எடுத்துக்கொண்டது, ஆனால் பழகியபின் மற்றவற்றைப் போலவே உண்டது. 1960-களில் சியாட்டிலில் டக்ளஸும் ஹாதோர்னும் இத்தகைய ஊனமுற்ற ஈஸ்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து ஒன்றோடொன்று கலப்புச்செய்து பார்த்தார்கள். கால்-4 பழுதாகிவிட்டால் அத்தனை நொதிகளும் ஒருசேர இல்லாமற்போகின்றன. கால்-80 பழுதாகிவிட்டாலோ காலக்டோஸ் இல்லாத காலத்திலும் நொதிகள் வேண்டாத விருந்துக்கு இலை போட்டாற்போல் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. ஆக முன்னது தூண்டுகிறது, பின்னது தடுக்கிறது. இந்தப் புரதங்களை யாரும் கண்ணால் காணாத காலம் அது. கையில் இருந்தவை அகர் தட்டுகளில் பூத்த வெண்ணிறப் புள்ளிகளும், ஒரு தட்டின் புள்ளிகளை அச்சுமாறாமல் இன்னொரு தட்டுக்கு ஒற்றியெடுக்க உதவும் வெல்வெட் துணியும்தான். அந்த வெல்வெட்டை நானும் கையாண்டிருக்கிறேன். நீராவியில் வேகவைத்துக் காயவைத்த அந்தக் கறுப்புத் துணியின் மயிர்ப்பரப்பில் உயிரணுக்கள் விபூதிபோல் ஒட்டிக்கொள்ளும், புதுத் தட்டை அதன்மேல் கவிழ்த்து விரல்களால் மெல்லத் தட்டினால் போதும், மறுநாளோ மூன்றாம் நாளோ எந்தப் புள்ளி தோன்றவில்லை என்று பார்ப்பதே முழு ஆராய்ச்சியும். வராதவர்களை வைத்தே பந்தியைக் கணக்கிடுகிற காரியம்.

பிற்காலத்தில் கால்-4-இன் தலைப்பகுதியைப் படிகமாக்கி எக்ஸ்-கதிர் பாய்ச்சி அதன் உருவத்தைக் கண்டபோது, 1992-இல், அந்த உட்காருதலின் நுணுக்கம் தெரிந்தது. 881 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலியின் தலைப்பகுதி மட்டுமே டி.என்.ஏ.வைத் தொடுகிறது, தனியாக அல்ல, இரண்டு மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்து தொடுகின்றன, ஒவ்வொரு தலையிலும் ஆறு சிஸ்டீன்கள் இரண்டு துத்தநாக அணுக்களைப் பற்றி நின்று அதன் வடிவம் குலையாமல் காக்கின்றன. அது அமரும் இடம் 17 எழுத்துக்கள் நீளம். ஆனால் அந்த 17-இல் அது தொட்டறிவது இரு முனைகளிலும் உள்ள மும்மூன்று எழுத்துக்களை மட்டுமே, ஒரு முனையில் சி-ஜி-ஜி, மறு முனையில் அதுவே எதிரிழையில் திரும்பி நிற்கிறது. இடையில் கிடக்கும் 11 எழுத்துக்கள் என்னவென்று அது பெரும்பாலும் கேட்பதில்லை, பதினொன்று இருக்கின்றனவா என்பதே அதற்கு முக்கியம். இதில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த விஷயம், இதே குலத்தைச் சேர்ந்த வேறு புரதங்களும் அதே சி-ஜி-ஜியைத்தான் தொடுகின்றன என்பது: யுராசில் ஆக்கத்தைக் கவனிக்கும் பிபிஆர்-1 இடையில் 6 எழுத்துக்களைக் கேட்கிறது, புரோலினைப் பயன்படுத்தும் மரபணுக்களைக் கவனிக்கும் புட்-3 10 எழுத்துக்களைக் கேட்கிறது, கால்-4 11. ஒரே எழுத்து, ஒரே முனை, ஆயினும் இடைவெளியின் அளவினால் மூன்று வேறு இல்லங்கள். பல்லவி வரியின் சாகித்யத்தைப் பொருட்படுத்தாமல் இரண்டு தட்டுகளுக்கிடையே எத்தனை மாத்திரை என்பதை மட்டும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு அமர்ந்திருக்கும் மிருதங்கக்காரரை நான் சபைகளில் பார்த்திருக்கிறேன். வார்த்தை அவருக்குக் காதில் விழாமலில்லை, அவர் பிடித்துக்கொண்டிருப்பது வார்த்தைகளுக்கு நடுவே இருக்கிற வெறுமையின் நீளம்.

இத்தனை சொன்னபிறகும் 'அது தன் இடத்தை அடையாளம் காண்கிறது' என்ற வாக்கியத்தை எழுத என் பேனா கூசுகிறது. ஈஸ்டின் மரபணுத் தொகுதி முழுவதையும் 1996-இல் வாசித்து முடித்தார்கள். 16 குரோமோசோம்கள், சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்து ஜோடிகள், சுமார் 6,000 மரபணுக்கள். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து நீட்டினால் ஓர் எள்ளின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக வரும் அந்த இழை, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அகலமுள்ள உட்கருவுக்குள் மடங்கிக் கிடக்கிறது. ஆறு எழுத்துக்களின் ஒரு குறிப்பிட்ட சேர்க்கை தற்செயலாக 4,096 இடங்களுக்கு ஒருமுறை வரும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அப்படியானால் கால்-4 அமரத்தக்க இடங்கள் மூவாயிரம்வரை இருக்க வேண்டும். ஈஸ்டின் எழுத்துக்களில் ஏ-யும் டி-யும் மிகுதி, சி-யும் ஜி-யும் குறைவு என்பதற்குக் கழித்துக்கொண்டாலும் சில நூறு மிஞ்சும். ஆனால் 2000-ஆம் ஆண்டில் உயிருள்ள ஈஸ்டில் கால்-4 எங்கெல்லாம் அமர்ந்து மரபணுக்களைத் தூண்டுகிறது என்று தொகுதி முழுவதும் தேடிப் பார்த்தவர்கள் கண்டது பத்து மரபணுக்களை. மற்ற இடங்கள் என்னவாயின? ஒரு பங்கு விடை, அவை மூடிக் கிடக்கின்றன என்பது: டி.என்.ஏ. வெறும் நூலாகத் தொங்கவில்லை, ஒரு கட்டைக்கு 147 ஜோடியாக ஹிஸ்டோன் என்னும் புரதக் கட்டைகளில் இறுகச் சுற்றியிருக்கிறது, உட்புறம் திரும்பிய எழுத்தைத் தலை தொட முடியாது. கால்-1, கால்-10 ஆகிய மரபணுக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் அந்தச் சிறு இடைவெளியில், கால்-4 அமரும் நான்கு ஆசனங்கள் உள்ள பகுதியில் மட்டும், அந்தச் சுற்றைத் தளர்த்தி வைத்திருக்கும் வேறொரு புரதக்கூட்டம் இருக்கிறது என்று 2010-இல் எழுதினார்கள். ஆக, அடையாளம் காணுதல் என்று நாம் சொல்வதில் பாதி, முன்பே யாரோ கோலம் போட்டு வாசல் தெளித்து வைத்திருப்பது. அந்த யாரோவுக்கு அந்த வாசலைக் காட்டியது யார் என்று கேட்டால் இன்னொரு புரதத்தின் பெயர் வரும், அதற்குப் பின்னால் மற்றொன்றின் பெயர். நான் சிறுவனாக இருந்தபோது, பூமியை ஆதிசேஷன் தாங்குகிறான் என்று சொன்ன பாட்டியிடம் ஆதிசேஷனை யார் தாங்குகிறது என்று கேட்டு வாங்கிக்கொண்ட குட்டு நினைவுக்கு வருகிறது.

உட்காருதல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும்கூட நேர்மையானதல்ல. அந்தச் சொல் ஒரு நிலைபேற்றைக் குறிக்கிறது. நாட்டாண்மைக்காரர் திண்ணையில் அமர்ந்தாற்போல் ஒரு மூலக்கூறு காலையிலிருந்து மாலைவரை அங்கேயே இருப்பதாக நினைக்கத் தோன்றுகிறது. உயிருள்ள அணுவுக்குள் ஒற்றை மூலக்கூறுக்கு ஒளியூட்டிப் பார்க்கும் உபாயம் வந்தபிறகு தெரிந்தது, அது தங்குவது நொடிக்கணக்கில்தான் என்று. வருகிறது, ஒட்டுகிறது, உதிர்கிறது, பிறிதொன்று வருகிறது. தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கிறவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் வடத்தை எப்போதும் கைகள் பற்றியிருப்பதாகத் தோன்றும். அருகே போனால் எந்தக் கையும் நெடுநேரம் பற்றுவதில்லை. இடம் நிரம்பியிருக்கிறது, ஆனால் நிரப்புகிற எதுவும் நிலைத்திருக்கவில்லை. நாம் கால்-4 என்று ஒருமையில் பெயரிட்டு, எழுவாயாக்கி, வினைமுற்றுகளை அதன் தலையில் ஏற்றுகிறோமே, அந்த ஒருமை ஓர் உபசார வழக்கு என்றே எனக்குப் படுகிறது.

இனி, தடுக்கிற கால்-80 என்னும் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளுகோஸும் இல்லாமல் காலக்டோஸும் இல்லாமல், ராஃபினோஸ் போன்ற நடுநிலையான சர்க்கரையில் வளரும் ஈஸ்டில், கால்-4 ஏற்கெனவே தன் இடத்தில் இருக்கிறது. காலக்டோஸ் வந்தபிறகு அழைத்துவரப்படுவதல்ல. வருவதற்கு முன்பே, வருமா என்று தெரியாத நிலையிலேயே, அங்கே இருக்கிறது. மரபணுவைத் தூண்டவல்ல அதன் வால்பகுதியைக் கால்-80 என்ற புரதம் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலக்டோஸ் உள்ளே வந்தால் கால்-3 என்ற மூன்றாவது புரதம் அந்தச் சர்க்கரையையும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறையும் பற்றிக்கொண்டு கால்-80-ஐத் தன்பால் இழுக்கிறது, கை தளர்கிறது, வால் விடுபடுகிறது. தூண்டுதல் என்பது இங்கே ஒரு தடையின் நீக்கம், அவ்வளவே. இந்தக் கால்-3 யார் என்று விசாரித்தால் இன்னும் சுவை: காலக்டோஸைச் செரிக்கும் முதல் நொதியான கால்-1-க்கு அது உடன்பிறப்பு, உருவத்தில் பெரும்பகுதி ஒன்றே, ஆனால் செரிக்கும் திறன் இல்லை, இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை அதில் செருகினால் அந்தத் திறன் வந்துவிடுகிறது என்று 2000-இல் காட்டினார்கள். பால்பண்டங்களில் வளரும் குளூய்வெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற மற்றோர் ஈஸ்டில் ஒரே புரதம் இரண்டு வேலையும் பார்க்கிறது. அதாவது ஒருகாலத்தில் அடுப்படியில் வேலை பார்த்த குடும்பத்தில் ஒரு பிள்ளை அடுப்பிலேயே நின்றுவிட்டான், மற்றவன் வாசலுக்கு வந்து யார் வருகிறார்கள் என்று பார்க்கிறவனாகிவிட்டான். கோபன்ஹேகனில் பல நாட்கள் தாமதித்தது இந்த வாசற்காரன் இல்லாத ஈஸ்டுதான், அடுப்படிக்காரன் மெல்ல வந்து கதவைத் திறக்கிறவரைக்கும் அது காத்திருந்தது. ஹாப்பர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பி.ஜே. பட், பின்னாளில் மும்பை ஐ.ஐ.டி.யில் பணியாற்றியவர், 1992-இல் இன்னொன்று காட்டினார்: கால்-3-ஐயோ கால்-1-ஐயோ அளவுக்கு மீறி உண்டாக்கிவிட்டால் காலக்டோஸ் ஒரு துளியும் இல்லாமலே பூட்டு திறந்துகொள்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வளையம்: கால்-80 என்ற பூட்டைச் செய்யும் மரபணுவின் வாசலிலும் கால்-4 அமரும் ஆசனம் ஒன்று உண்டு. விடுதலை பெற்ற கணத்திலேயே அது தன்னைக் கட்டப்போகும் கயிற்றையும் திரிக்கத் தொடங்குகிறது. இதில் ஏவுகிறவன் யார், ஏவப்படுகிறவன் யார் என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

சரி, விடுபட்ட அந்த வால் என்ன செய்கிறது? ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் படியெடுக்கும் எந்திரத்துக்கு அது ஏதோ இரகசிய உபதேசம் செய்கிறது என்று நான் நெடுங்காலம் கற்பனை செய்திருந்தேன். பூட்டுக்கேற்ற சாவிபோல ஒரு நுட்பமான பொருத்தம் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஹார்வர்டில் ரோஜர் பிரெண்டும் மார்க் டாஷ்னேயும் 1985-இல் செய்த சோதனை அந்த நினைப்பின் அடித்தளத்தை அசைத்தது. கால்-4-இன் தலையை வெட்டிவிட்டு, ஈஸ்டுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத பாக்டீரியப் புரதம் ஒன்றின் தலையை அங்கே பொருத்தினார்கள், அந்தப் பாக்டீரியத் தலை அமரும் இடத்தையும் ஈஸ்டின் மரபணு ஒன்றின் அருகில் வைத்தார்கள், மரபணு விழித்துக்கொண்டது. தலை எந்த ஊர்த் தலையாக இருந்தாலும் சரி, வாலைக் கொண்டுவந்து அருகில் சேர்த்தால் போதும். வாலாவது தனித்தன்மை உள்ளதா என்று அதே கூடத்தில் 1987-இல் பார்த்தார்கள்: எஷரிச்சியா கோலி பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் தாறுமாறாக நறுக்கி, அந்தத் துணுக்குகள் உண்டாக்கும் அர்த்தமற்ற சங்கிலிகளைக் கால்-4-இன் தலையோடு ஒட்டியபோது, அவற்றுள் சில, அமிலத்தன்மை மிகுந்திருந்தவை, நல்ல தூண்டிகளாக வேலை செய்தன. பிற்பாடு வேறு சிலர் வாலையே அடியோடு விட்டுவிட்டு, படியெடுக்கும் எந்திரத்தின் உறுப்பு ஒன்றையே நேராகத் தலையோடு கட்டிவைத்துப் பார்த்தார்கள். அப்போதும் மரபணு விழித்தது. 1989-இல் ஃபீல்ட்ஸும் ஸாங்கும் தலையையும் வாலையும் பிரித்து இரண்டு வெவ்வேறு புரதங்களில் ஒட்டி, அவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவினால் மரபணு விழிக்கும், தழுவாவிட்டால் விழிக்காது என்று, எந்தப் புரதம் எதனோடு சேரும் என்பதைக் கண்டறியும் கருவியாகவே அதை ஆக்கிவிட்டார்கள். பழ ஈயின் உடலில் கொண்டுபோய் வைத்தாலும், மனித உயிரணுவில் வைத்தாலும், தன் ஆசனம் ஒன்று பக்கத்தில் இருந்தால் கால்-4 அங்கும் தூண்டுகிறது. அங்கே காலக்டோஸைப் பற்றிய பேச்சே இல்லை. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றே: அது எதையும் சொல்வதில்லை, எந்திரத்தை அந்த இடத்தின் அருகே வரச்செய்கிறது; அருகில் இருத்தலே அதன் பாஷை முழுவதும்.

இவ்விடத்தில், என் விருப்பத்துக்கு மாறாகவே, என் தகப்பனார் சாய்வுநாற்காலியில் கிடந்தபடி சித்தாந்த சாஸ்திர நூல்களை வாய்விட்டு வாசித்த மாலைகள் குறுக்கே வருகின்றன. ஈசுவரன் உலகை நடத்துகிறான் என்றால் அவனுக்கு விருப்பும் முயற்சியும் உண்டென்றாகுமே, விகாரம் வருமே என்ற ஆட்சேபத்துக்கு அந்த மரபு வைத்திருக்கும் சமாதானம், சூரியன்: அவன் எதையும் சங்கற்பிப்பதில்லை, அவனுடைய சந்நிதி மாத்திரத்தில் தாமரை மலர்கிறது, குமுதம் கூம்புகிறது, சூரியகாந்தக் கல் தீயை உமிழ்கிறது. ஒரே இருப்பின் முன்னிலையில் அததன் இயல்புக்கேற்ப அதது நிகழ்கிறது. மூலக்கூறு நூலை மூடிவிட்டு அந்தத் திருஷ்டாந்தத்தை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது உண்மை. அடுத்த கணமே அந்தச் சிலிர்ப்பைச் சந்தேகித்ததும் உண்மை. நம் பழைய நூல்களில் நவீன விஞ்ஞானம் முன்பே இருந்தது என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிற கூட்டத்தில் சேர எனக்கு உத்தேசமில்லை. மேலும் உவமை ஒன்றிரண்டு அடிகளுக்கு மேல் நடக்கவும் மாட்டாது. சூரியன் தொடுவதில்லை, கால்-4 தொடுகிறது, பிசினைப் போல் ஒட்டுகிறது. சூரியனுக்குத் தாமரையால் ஒன்றும் ஆவதில்லை. கால்-4-ஓ மரபணுவைத் தூண்டுகிறபோதே தானும் பாஸ்பேட் ஏற்று மாறிப்போகிறது. சூரியனை யாரும் கையால் பொத்துவதில்லை. ஆயினும் அந்தச் சமாதானத்தின் உள்ளே இருக்கும் ஒரு கூர்மையான அவதானம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது: காரியம் நிகழ்வதற்குக் கட்டளை அவசியமில்லை, அண்மை போதும் என்பது. கட்டளை என்றால் சொல்கிறவன் ஒருவன், கேட்டுப் புரிந்துகொள்கிறவன் ஒருவன், நடுவில் அர்த்தம் என்று ஒன்று. அண்மைக்கு அர்த்தம் தேவையில்லை. நம் வீடுகளிலும், யோசித்துப் பார்த்தால், பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் முற்றத்தில் இருக்கிறார் என்பதாலேயே எத்தனை காரியங்கள் நடந்தன, எத்தனை நடக்காமல் நின்றன!

ஆனால் அண்மை என்று சொல்லி நிம்மதி அடைந்துவிட முடியாதபடி மறுபக்கத்திலும் ஒருவன் இருக்கிறான். குளுகோஸ் உள்ளவரை மிக்-1 என்ற வேறொரு புரதம், 1990-இல் ஸ்வீடனில் நெலினும் ரோன்னேயும் விவரித்தது, கால்-1-இன் வாசலிலும் கால்-4 மரபணுவின் வாசலிலுமே அமர்ந்து அடக்குகிறது. அதனால் குளுகோஸில் கொழுத்த ஈஸ்டில் கால்-4 குறைவாகவே இருக்கிறது, ஆசனங்களும் காலியாகக் கிடக்கின்றன. என் குடுவை ஏன் காலையில் தெளிந்திருந்தது என்பதற்கு இதுவே விடை: முதலில் அடக்குகிறவன் வெளியேற வேண்டும், பிறகு கால்-4 உண்டாக வேண்டும், அமர வேண்டும், கால்-80 பிடிக்க வேண்டும், கால்-3 வந்து பிடியைத் தளர்த்த வேண்டும், நொதிகள் உருவாக வேண்டும், அதன்பின்தான் முதல் மொட்டு. ராஃபினோஸில் வளர்த்து அதே காலக்டோஸில் விட்டுப் பார்த்தேன், அடுத்த வாரம், குற்றவுணர்ச்சி தாளாமல். மறுநாள் காலை குடுவைக்குப் பின்னால் செய்தித்தாளின் தலைப்பெழுத்துக்கூடத் தெரியவில்லை. 2007-இல் வெளிவந்த மற்றொரு செய்தி இதைவிட மனத்தைத் தைத்தது: ஒருமுறை காலக்டோஸில் வாழ்ந்து, பிறகு பல மணி நேரம் குளுகோஸுக்குத் திரும்பி, மறுபடி காலக்டோஸைச் சந்திக்கும் ஈஸ்ட், புதிதாகச் சந்திப்பதைவிட வெகு சீக்கிரம் பழகிக்கொள்கிறது, மகளணுவும், மகளின் மகளும்கூட. காரணம், பாட்டி உண்டாக்கிய கால்-1 புரதம் ஒவ்வொரு பிளவிலும் பங்கு பிரிந்து, நீர்த்து நீர்த்து, இன்னும் உயிரணுவின் சாற்றில் மிஞ்சியிருப்பது. நேற்றைய தோசைமாவில் ஒரு கை எடுத்து இன்றைய மாவில் விடுகிறோமே, அதை ஞாபகசக்தி என்று நாம் சொல்வதில்லை. இதை மட்டும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் நினைவு என்றே சொல்கின்றன. மிச்சத்துக்கும் நினைவுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்று கேட்டால், என் தகப்பனாரின் குரல் எனக்குள் இருப்பது இவ்விரண்டில் எது என்றும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அந்த மூத்த ஆய்வாளர் சொன்ன சொல்லுக்கே திரும்பி வருகிறேன். தயாராகிக்கொண்டிருந்தது என்றால் தயாராகிறவன் ஒருவன் வேண்டும். கால்-4 அல்ல அவன், அது உட்கார்ந்து உதிர்வது. கால்-80 அல்ல, அது தன் கைதியே செய்துதந்த பூட்டு. கால்-3 அல்ல, அது சர்க்கரையை ஒட்டிக்கொள்கிற பழைய அடுப்படிப் பிள்ளை. இவற்றை எல்லாம் அடக்கிய அணுவா என்றால், இவற்றைத் தவிர அணு என்று தனியே சுட்ட எனக்கு எதுவும் அகப்படவில்லை. எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது என்று பள்ளியில் படித்ததனால் வந்த சங்கடமோ இது என்று ஒரு நாள் தோன்றியது. ஆனால் அந்தப் பள்ளியில் அந்த இலக்கணத்தைக் கற்பதற்கு முன்பே நான் பேசக் கற்ற தமிழில் வேறொரு விதமான வாக்கியம் இருந்தது: எனக்குப் பசிக்கிறது. அங்கே நான் பசியைச் செய்யவில்லை, பசியும் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான்காம் வேற்றுமையில் சற்று ஒதுங்கி நிற்கிறேன், என் அருகில் பசி நிகழ்கிறது. குளிர்கிறது, வலிக்கிறது, புரிகிறது, பிடிக்கிறது என்று உயிரின் அடிப்படையான காரியங்களை எல்லாம் கர்த்தாவை வற்புறுத்தாமலே சொல்லிவிட என் தாய்மொழி வழி வைத்திருக்க, நான்தான் ஆளும் புரதம், ஆளப்படும் மரபணு என்று இத்தனை ஆண்டுகள் சமஸ்தானம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தக் கண்டுபிடிப்பினால் உறுத்தல் தீர்ந்ததா என்றால், இல்லை. செய்கிறவன் இல்லை என்று ஒப்புக்கொண்டாலும், நிகழ்வதை நிறுத்தியவன் இருக்கிறான், அவனுக்கு எழுவாய் உண்டு. அன்று இரவு முழுவதும் அந்தக் குடுவையில் இருந்தவற்றுக்குப் பசித்துக்கொண்டிருந்தது. காலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, பின்னாலிருந்த செய்தித்தாளை வாசித்துவிட்டு, நான் கவிழ்த்தேன்.